ஒலியேடு தேடிய கதை

விழா மலர்க் குழுவினர் என்பால் வந்து, "தமிழாசிரியராகிய நீங்கள் இலக்கியக் கட்டுரை ஒன்று தருதல் வேண்டும்" என்று கேட்டபொழுது யான் உடன்பட்டது உண்மை. குறுந்தொகை பற்றி எழுதக் கருதிக் குறிப்புகளும் எடுத்து வைத்தேன். ஆயினும் கடந்த சில ஆண்டுகளாக என் மாலைப் பொழுதுகளை விழுங்கிய கருமம் வேறொன்று. அஃது எம் கல்லூரியின் பழைய ஒலிப்பதிவுகளைப் பற்றியது. அவற்றிற் பழைய மாணவர் பலருக்கு உரிமை உண்டு. அவை நிலைகுலைந்ததில் எனக்குக் குற்றமும் உண்டு. ஆதலின் அதனையே எழுதத் துணிந்தேன். குறுந்தொகையும் ஓரிடத்தில் வந்து தலைகாட்டும்.

கோப்பாய் ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி முடித்து, வேறு பாடசாலைகளிற் சில ஆண்டுகள் பணிபுரிந்து, 2011 ஆம் ஆண்டில் யான் கற்ற கல்லூரிக்கே ஆசிரியனாக மீண்டேன். சங்கீத அறையை அடுத்த களஞ்சிய அறையில் அப்பொழுது 143 ஒலிநாடாக்கள் கிடந்தன. கசெற் என்று நாம் வழங்குவன அவை. வாணி விழாக்கள், பரிசளிப்பு விழா உரைகள், தமிழ்ச் சங்க விவாதங்கள், கோயிற்றிருவிழாக்களிற் பிடித்த நாதஸ்வரம், வானொலியிலிருந்து எடுத்த பாட்டுகள் என்று பலவும் அவற்றுள் அடங்கும். பலவற்றில் வெண்பூஞ்சணம் படர்ந்திருந்தது. அவற்றுட் பத்து, 2004 இல் மறைந்த எம் சங்கீத ஆசிரியருடைய பெட்டியில் இருந்தவை. அவர் மறைவின் பின்னர் அவர் மனைவியார் கல்லூரிக்கென்று மனமுவந்து கொடுத்தவை. ஆசிரியர் பெயரை ஈண்டு எழுதாது விடுகின்றேன். அவரிடம் கற்றோருக்குப் பெயர் வேண்டியதில்லை. கல்லாதோருக்குப் பெயரால் ஆவது ஒன்றில்லை.

2012 ஆம் ஆண்டில் இவற்றையெல்லாம் கணினியில் ஏற்றும் பணியை வலிந்து மேற்கொண்டேன். ஒலிநாடாவைக் கணினிக்கு மாற்றுவதிற் குறுக்குவழி இல்லை. தொண்ணூறு நிமிட நாடாவுக்குத் தொண்ணூறு நிமிடமும் ஓடியே ஆகவேண்டும். யானோ நாடாவை ஓடவிட்டு, ஒலியைத் தணித்து வைத்து, விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பேன். ஒரு பக்கம் ஒரு கோப்பாகும். வெறும் பக்கங்கள் ஏழு நீங்கலாக 279 கோப்புகள் சேர்ந்தன.

முதல் அறுபது நாடாக்களுக்கு மிக்க ஊக்கத்தோடு பெயர், ஆண்டு, பாடியவர் என்று விவரம் எழுதினேன். அக்காலத்தில் எனக்குப் பழகியது பாமினி எழுத்துரு. அதனாற் பட்ட இடர் ஒன்று சொல்லத்தக்கது. பாமினியில் ஈகாரத்தின் இடத்தில் அமர்ந்திருப்பது கணிதத்தில் 'இதனிற் சிறிது' என்பதைக் காட்டும் குறி. அக்குறியைக் கோப்பின் பெயரிற் கணினி ஏற்பதில்லை. ஆகவே 'ஈழத்து நாதஸ்வரம்' என்று எழுதமுடியாது, 'இழத்து நாதஸ்வரம்' என்று குறில் போட்டு எழுதி வைத்தேன். பின்னொருநாள் அதைக் கண்ட மாணவன் ஒருவன், "சேர், எதை இழந்தது?" என்று கேட்டான். இலக்கணம் கற்பிக்கும் எனக்கு அன்று விடை வரவில்லை.

எஞ்சிய எண்பத்து மூன்று நாடாக்களுக்கு விவரம் எழுதினேனல்லேன். 'பின்னர் எழுதிக்கொள்ளலாம்' என்பது சோம்பரின் வழக்கமான சொல். கணினி தானே இட்ட 'ட்ராக் 01', 'ட்ராக் 02' என்னும் பெயர்களோடு அவை கிடந்தன. இடையில், 2014 இல் களஞ்சிய அறையைத் திருத்தவேண்டி வந்தது. "எல்லாம் கணினியில் இருக்கின்றனவே" என்று சொல்லி, நாடாக்களை எரித்துவிட இசைந்தவனும் யானே.

2019 இற் புதிய கணினி வந்தது. ஒலிக்கோப்புகளைப் புறத்தட்டு ஒன்றில் ஏற்றி அதனோடு இணைத்தேன். பாட்டுகளை ஒழுங்கு செய்யும் மென்பொருளைத் திறந்தபொழுது ஒவ்வொரு வரியின் முன்னும் ஓர் ஆச்சரியக்குறி நின்றது. அம்மென்பொருள் பாட்டைத் தன்னுள் வைத்திருப்பதில்லை. பாட்டு எந்தத் தட்டில், எந்த உறையில் உள்ளது என்னும் முகவரியை மாத்திரம் வைத்திருக்கும். தட்டின் அடையாள எழுத்து மாறவே, முகவரிகள் யாவும் பொய்யாயின. கோப்புகளோ அழியவில்லை. அம்மட்டோடு விட்டிருந்தால் ஒரு மணி நேரத்தில் திருத்தியிருக்கலாம். 'கோப்புகளைத் தானாக ஒழுங்குசெய்' என்று ஒரு கட்டளை கண்ணிற் பட்டது, அதனை அழுத்தினேன். விவரம் எழுதாத கோப்புகளெல்லாம் 'அறியப்படாத கலைஞர்' என்னும் ஒரே உறைக்குள்ளே போய் விழுந்தன. ஒரே பெயருடையன பலவாதலின், அவற்றின் வால்களில் ஒன்று, இரண்டு என்று புதிய இலக்கங்கள் முளைத்தன. விவரம் எழுதிய கோப்புகளும் தப்பவில்லை. புதிய கணினியிற் பாமினி இல்லாமையால், அவை ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகப் பொருளற்று நின்றன. தலைப்போலையும் இறுதியோலையும் போன ஏட்டுக்கட்டுகளைப் பரணிலிருந்து தள்ளிவிட்டாற் போன்ற கோலம்.

வெட்கத்தினால் ஒருவரிடமும் சொல்லவில்லை. மூன்று ஆண்டுகள் அந்தத் தட்டு என் மேசை இழுப்பறையிற் கிடந்தது.

2022 ஆம் ஆண்டு நவராத்திரிக்கு முன்னர், சங்கீத ஆசிரியருடைய மனைவியார் தொலைபேசியில் அழைத்தார்கள். எம் ஆசிரியர் குமரகுருபர சுவாமிகளின் சகலகலாவல்லி மாலைப் பாடல்கள் பத்தினையும் பத்து இராகங்களில் அமைத்துப் பாடுவித்ததை அக்கால மாணவர் அறிவர். அவருக்குப் பின் அம்மெட்டு வழக்கொழிந்தது. முதல் நான்கு பாடல்களின் மெட்டே பலருக்கும் நினைவில் உள்ளது. ஏழாம் பாடல் காம்போதி என்று ஒருவரும் கரகரப்பிரியா என்று மற்றொருவரும் பழைய மாணவர் ஒன்றுகூடல்களிற் சூடாக வாதிட்டதை யானே கண்டிருக்கின்றேன். அம்மையார் கேட்டது இவ்வளவே: "தம்பி, அவர் அதைப் பாடின கசெற் ஒன்று அந்தப் பெட்டியில இருந்தது. பேரப்பிள்ளை அவற்ற குரலை ஒருக்காலும் கேட்டதில்லை. எடுத்துத் தருவியளோ?"

"பத்திரமாக இருக்கின்றது அம்மா, நாளைக்கே கொண்டு வருகின்றேன்" என்றேன். அந்த நாளை வர ஈராண்டு சென்றது.

முதலிற் பாமினிப் பெயர்களை எழுத்துரு மாற்றி கொண்டு ஒருங்குறிக்கு மாற்றினேன். 120 கோப்புகள் ஒரு வாரத்தில் உயிர்பெற்றன. 'இழத்து' என்பதையும் ஈழத்து என்று திருத்தினேன். எஞ்சிய 159 கோப்புகளே பெருந்துன்பம் தந்தன. உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் 'மியூசிக்பிரெயின்ஸ் பிக்கார்ட்' என்னும் மென்பொருளை எனக்கு அறிமுகஞ் செய்தான். தன்னார்வலர் திரட்டிய பெருந்தொகுப்பு ஒன்றோடு ஒலியின் கைரேகையை ஒப்புநோக்கி, பாட்டு இன்னதென்று அது கூறும். வியத்தகு கருவிதான். வானொலியிலிருந்து எடுத்த திரைப்பாடல்கள் உட்பட 22 கோப்புகளை அது நொடியில் அறிந்து சொல்லிற்று. ஆனால் இசைத்தட்டாகவோ இறுவட்டாகவோ வெளிவந்து, எவரோ ஒருவர் முன்னரே பெயரெழுதி வைத்தவற்றையே அது அறியும். எம் கல்லூரி மண்டபத்திற் பாடியவரை உலகில் எவர் பெயரெழுதி வைத்திருப்பார்? எழுதியிருக்க வேண்டியவன் யான் அல்லனோ!

பின்னர்ச் செய்ததெல்லாம் ஏடு பரிசோதிக்கும் வேலை. கோப்பின் நீளம் 45 நிமிடமாயின் அது தொண்ணூறு நிமிட நாடா. 30 நிமிடமாயின் அறுபது நிமிட நாடா. கோப்பினைப் பிரதி செய்தாலும் அது இறுதியாகத் திருத்தப்பட்ட தேதி மாறுவதில்லை. விவரம் எழுதாது விட்ட என் சோம்பலே இவ்விடத்தில் உதவிற்று. எழுதியிருப்பேனாயின் தேதி மாறியிருக்கும். தேதிகளை வரிசைப்படுத்தியபொழுது, எந்தக் கோப்பு எந்த மாலையில் மாற்றப்பட்டது என்பது புலனாயிற்று. ஆசிரியர் பெட்டியை 2012 மார்கழி விடுமுறையில் வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரே கிழமையில் முடித்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது. அக்கிழமைக்குரியவை 19 கோப்புகள்.

பத்தொன்பதையும் இருந்து கேட்டேன். மாணவர்க்குச் சுரவரிசை சொல்லிக்கொடுத்தல், வயலின் வகுப்பு, யாரோ ஒருவர் வீட்டுத் திருமணத்து நாதஸ்வரம். ஆசிரியருடைய குரலில் மாலை இல்லை. மாலையைப் பாடும் கோப்பு ஒன்று இருந்தது; ஆனாற் பாடுவது ஓர் இளங்குரல். பெண்குரலோ, குரல் உடையாத சிறுவன் குரலோ என்று ஐயுறத்தக்கது, அவசரமாகவும் பாடியது. பின்னணியில் ஓயாத ஓர் இரைச்சல். 'யாரோ ஒரு மாணவனின் ஒத்திகை' என்று ஒதுக்கினேன். மறுமுறையும் ஒதுக்கினேன். அம்மையாரிடம் போய் உண்மையைச் சொல்லிவிடுவதே தக்கது என்று தீர்மானித்த இரவில் மூன்றாம் முறையாக அதனைக் கேட்கையில், பாட்டுக்கு முன் ஒரு மணியோசை கேட்டது.

எம் கல்லூரி மணியைப் பற்றி இம்மலரைப் படிப்போருக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. அது மணியன்று; வேப்பமரத்துக் கிளையில் தொங்கும் தண்டவாளத் துண்டு. 1995 இல் நாமெல்லாம் இடம்பெயர்ந்தபொழுது எவரும் அதனைத் தூக்கிச் செல்லவில்லை. திரும்பி வந்தபொழுது அது தொங்கிய இடத்திலேயே தொங்கியது. அதன் நாதம் ஒருவர் செவிக்குள் ஏழாண்டு புகுந்தால் இறக்கும்வரை போகாது. யான் கேட்டது அந்த மணியே; ஆனால் அந்த மணியின் குட்டி போல ஒலித்தது. இரும்புத் துண்டு தானாகச் சுருதி ஏறாது. ஏறியது நாடா.

மறுநாள் இடைவேளையிற் சிற்றூழியர் ஐயாவை வேண்டி, மணியை மும்முறை அடிக்கச் செய்து கைத்தொலைபேசியிற் பதிந்தேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பாடசாலை விட்டாயிற்று என்று புத்தகப் பையோடு வாயிலுக்கு ஓடியதும், அதிபர் என்னை அழைத்து விசாரித்ததும் தனிக்கதை. இரண்டு ஓசைகளையும் 'ஓடாசிற்றி' என்னும் மென்பொருளில் ஒப்பிட்டேன். கோப்பிலுள்ள மணி அரைக்கட்டை உயர்ந்திருந்தது. கோப்பின் இறுதியிலும் ஒரு மணி ஒலித்தது. அதுவோ ஒன்றரைக் கட்டை உயர்ந்திருந்தது. இரு மணிகளுக்கும் இடைப்பட்ட நேரத்தை அளந்தேன்: ஏறத்தாழ 36 நிமிடம். எம் பாடவேளை 40 நிமிடம் அல்லவா?

ஒலிநாடா செக்கனுக்கு 4.76 சென்ரிமீற்றர் வேகத்தில் ஓடவேண்டும். பதியும்பொழுது கருவி மெதுவாக ஓடினால், பின்னர்ச் சரியான வேகத்தில் ஒலிக்கும்போது குரல் விரைந்தும் உயர்ந்தும் கேட்கும். இப்பதிவில் முதலிற் சிறிது மெதுவாக ஓடிய கருவி, வரவர மேலும் தளர்ந்திருக்கின்றது. ஏன் தளர்ந்தது என்று எண்ணியபொழுதுதான் யாவும் விளங்கிற்று.

1990 இல் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பற்றறியும் தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவிலிருந்து பிறக்கும் மின்னில் வானொலி கேட்டதும் பாட்டுக் கேட்டதும் எம் தலைமுறை. 1994 புரட்டாதியில் வாணி விழாவுக்கு ஒத்திகை பார்க்க, ஆசிரியர் தாமே பத்துப் பாடல்களையும் ஒரு பாடவேளை முழுவதும் பாடி நாடாவிற் பதிவித்தார். பிள்ளைகள் வீட்டிற் கேட்டுப் பழகட்டும் என்பது அவர் எண்ணம். அன்று வண்டியைச் சுழற்றிய சிறுவன் யான். எனக்குப் பதின்மூன்று வயது. மாறிச் சுழற்ற வேண்டிய நண்பன் அன்று வரவில்லை. 'நாடாவின் இரைச்சல்' என்று யான் எண்ணியது அந்தச் சில்லின் ஒலி. ஆசிரியருடைய குரல் வரவர ஏறியது என் கை ஓய்ந்த கணக்கு.

இரு மணிகளையும் இரு முனைகளாகக் கொண்டு, இடையில் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்துச் சென்றேன். ஒரே முறையில் அமையவில்லை. சில பாடல்களின் நடுவில் யான் கை மாற்றியிருக்கின்றேன் போலும். அவ்விடங்களிற் சுருதி துள்ளிற்று. ஆசிரியர் எப்பொழுதும் ஒரு கட்டையிலேயே பாடுபவர். ஆதலின் அச்சுருதியைத் துணைக்கொண்டு துண்டு துண்டாகச் சரிசெய்ய மூன்று வாரம் ஆயிற்று. ஒரு சனிக்கிழமை பிற்பகலில், கணினியிலிருந்து எம் ஆசிரியர் தம் சொந்தக் குரலிற் பாடத் தொடங்கினார். யான் எழுந்து நின்றுவிட்டேன். பழைய பழக்கம்.

அம்மையார் வீட்டு விறாந்தையில் வைத்து அதனைப் போட்டோம். பேரன் அருகில் இருந்தான். அம்மையார் கண்ணை மூடிக்கொண்டு, ஓரிடத்தில் மாத்திரம், "அண்டைக்கு அவருக்குத் தடிமன்" என்றார்கள். பத்தாவது பாடல் முடிந்து மணி ஒலித்ததும் ஆசிரியர் பேசுவது கேட்கின்றது: "போதும் தம்பி. கை நோகப்போகுது, விடும்." அத்துடன் நாடா இழுபட்டு நின்றுவிடுகின்றது.

"அது ஆர் அந்தப் பெடியன்?" என்று அம்மையார் கேட்டார்கள். சொன்னேன். நாடாக்களை எரித்த செய்தியையும் அப்பொழுதே சொல்லிவிட்டேன். சிறிது நேரம் ஒன்றும் பேசாதிருந்து, பின்னர், "திரும்பப் போடும்" என்றார்கள்.

ஏழாம் பாடலைப் பற்றி ஒரு சொல். அது காம்போதியுமன்று, கரகரப்பிரியாவுமன்று, சாருகேசி. வாதிட்ட இருவருக்கும் அறிவித்தேன். ஒருவர் ஒப்புக்கொண்டார். மற்றவர், யான் வேகத்தைத் திருத்திய முறையிற் பிழை இருக்கலாம் என்கின்றார். வேகத்தைத் திருத்தினால் இராகம் மாறாது என்று விளக்கினேன். அவர் இன்னும் இசையவில்லை.

இப்பொழுது 279 கோப்புகளுக்கும் இலக்கமிட்டு, விவரங்களை ஒருங்குறியில் எழுதியதோடு, ஒரு தடித்த பேரேட்டிலும் மையினால் எழுதி நூலகத்தில் வைத்துள்ளேன். கோப்புகளின் பிரதிகள் நூலகத்தில் ஒன்றும், பழைய மாணவர் சங்க அலுவலகத்தில் ஒன்றும், கொழும்பில் ஒன்றுமாக உள்ளன. இளைப்பாறிய ஆசிரியர் பலர் வந்திருந்து கேட்டுப் பல குரல்களை இனங்கண்டு உதவினர். ஆயினும் 31 ஒலிப்பதிவுகளுக்கு உரியவர் இன்னும் அறியப்படவில்லை. குறுந்தொகையைத் தொகுத்த சான்றோர், பெயர் தெரியாத புலவரை அவர் பாட்டில் வந்த தொடராலேயே செம்புலப்பெயனீரார் என்றும், ஓரேருழவனார் என்றும், விட்டகுதிரையார் என்றும் குறித்தனர். யானும் அவர் வழியைப் பின்பற்றி, பதிவிற் கேட்கும் ஒலிகளைக் கொண்டே தற்காலிகப் பெயர் இட்டிருக்கின்றேன். 'சேவல் கூவப் பாடியார்', 'இருமி நிறுத்தியார்', 'சிரித்துப் பிழைத்தார்' என இவ்வாறு செல்லும்.

விழாவுக்கு வரும் அன்பர்கள் நூலகத்து மேல்மாடிக்கு வந்து ஒரு மணி நேரம் இருந்து கேட்பாராயின் பேருதவியாகும். குறிப்பாக 214 ஆம் இலக்கம். ஒருவர் தமிழ்ச் சங்க விவாதத்தில், கர்ணனே சிறந்தவன் என்று பேசுகின்றார். ஓட்டுக் கூரையிற் பெருமழை பெய்கின்றது. நடுவர் நேரம் முடிந்ததென்று மணியை அடித்தும் அவர் நிறுத்தவில்லை. மழைக்கு மேலாகக் குரலை உயர்த்திப் பேசி முடிக்கின்றார். கைதட்டல் நெடுநேரம் கேட்கின்றது. 'மழைவென்றார்' என்று பேரேட்டில் எழுதி, பக்கத்தில் இடம் விட்டு வைத்திருக்கின்றேன்.